விளைந்த நெல் வீணாகலாமா?

ஐப்பசி மாதத்துப் பகல் பொழுது. தஞ்சைத் தரணியில் குறுவை அறுவடை முடிந்து, சாலையோரமெங்கும் நெல் பொன்விரிப்பாய்ப் பரப்பப்பட்டிருக்கிறது. திடீரெனக் கிழக்கே வானம் கறுக்கிறது. குளிர்ந்த காற்று வீசுகிறது. அவ்வளவுதான்! ஒரு குடும்பமே ஓடிவருகிறது. தகப்பனார் பலகையால் நெல்லைக் குவிக்கிறார். தாய் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறாள். பிள்ளைகள் ஆளுக்கொரு முனையாய்த் தார்ப்பாயை இழுக்கின்றனர். மழை முந்திக்கொள்ளுமா, மனிதர்கள் முந்திக்கொள்வார்களா என்பது அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மழை முந்திக்கொண்டாலும் நெல் பார்வைக்கு நெல்லாகவே இருக்கும். அதைச் சாக்கில் அள்ளிக் கட்டியும் விடலாம். ஆனால் நான்கு நாள் கழித்து அந்தச் சாக்கினுள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே எவ்வளவு வெப்பம் என்று! புளித்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். சில மணிகள் முளைவிட்டிருக்கும். உடைத்துப் பார்த்தால் வெண்மையாய் இருக்கவேண்டிய அரிசி மஞ்சளேறிக் கிடக்கும்.

நெல் விளைவதோடு வேளாண்மை முடிந்துவிடுவதில்லை. களத்து மேட்டிலிருந்து அடுக்களைப் பானை வரையிலான அந்த நீண்ட இடைவெளியில்தான் அரிசியின் சுவையும், சத்தும், அதை உண்போரின் உடல்நலமும் தீர்மானிக்கப்படுகின்றன. இந்த இடைவெளியைக் குறித்து நம்மில் பலரும் சிந்திப்பதே இல்லை.

நெல்லும் மூச்சு விடுகிறது

அறுத்த நெல்லை உயிரற்ற பொருளாக நாம் கருதுகிறோம். உண்மையில் ஒவ்வொரு நெல்மணியும் உறங்கிக் கொண்டிருக்கும் ஓர் உயிர். அது காற்றிலுள்ள உயிர்வளியை உட்கொள்கிறது. தன்னுள் சேமித்துள்ள மாவுப் பொருளைச் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. அதன் விளைவாகக் கரியமில வாயுவையும், நீரையும், வெப்பத்தையும் வெளியிடுகிறது.

உலர்ந்த நெல்லில் இந்த மூச்சு மிக மெதுவாக நடைபெறும். ஈரமான நெல்லிலோ அது விரைவடைந்துவிடும். வெளிப்படும் நீர் மேலும் ஈரத்தைக் கூட்டும். அந்த ஈரம் மூச்சை மேலும் விரைவாக்கும். குவியலின் நடுவிலுள்ள வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். சாக்கினுள் கை சுடுவதற்கு இதுவே காரணம். பூஞ்சைகளுக்கும் பூச்சிகளுக்கும் இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை.

14 என்னும் எல்லைக்கோடு

அறுவடைப் பருவத்தில் நெல்மணியின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை நீர்தான். சில வாரங்களோ, சில மாதங்களோ சேமிக்க வேண்டுமானால் இந்த ஈரப்பதத்தை 14 விழுக்காட்டிற்குள் கொண்டுவர வேண்டும். எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருக்க 13 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஓராண்டிற்கு மேல் காக்கவேண்டிய விதைநெல்லிற்கு 9 விழுக்காடே பாதுகாப்பானது என்பது வல்லுநர்கள் வகுத்துள்ள அளவு.

விதை ஆய்வாளர்களிடையே வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். அதுபோலவே வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் ஆயுள் இருமடங்காகும். பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் நகரில் 1960-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் விதை மாதிரிகளை இந்த அடிப்படையில்தான் காத்து வருகிறது. நன்கு உலர்த்தி, நீர் உறையும் நிலைக்கும் கீழான குளிரில் வைக்கப்பட்ட விதைகள் பல பத்தாண்டுகள் முளைக்கும் திறன் இழவாமல் இருக்கின்றன. காலம் நெல்லுக்குப் பகையன்று. ஈரமும் வெப்பமுமே பகை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் உழவர்கள் நெல்லை உலர்த்தியே விற்றுவிடலாமே என்று நாம் எளிதாகக் கேட்டுவிடலாம். அவர்கள் பக்கத்து இடர்ப்பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 20 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 விழுக்காட்டிற்கு உலர்த்தினால், ஏறத்தாழ 70 கிலோ நீர் ஆவியாகிப் போகும். 40 கிலோ சிப்பம் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ எடை குறையும். எடைக்குத்தான் விலை என்னும்போது உலர்த்துவது இழப்பாகத் தோன்றுவது இயல்பே.

மேலும், முற்காலத்தில் கையால் அறுத்த தாள்கள் வயலில் சில நாள் காய்ந்தன. களத்தில் போராக அடுக்கப்பட்டன. அதன் பின்னரே அடித்துத் தூற்றப்பட்டன. நெல் தானாகவே ஓரளவு உலர்ந்துவிடும். இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய சில மணி நேரத்திலேயே நெல் மூட்டையாகிவிடுகிறது. வேலை விரைந்து முடிகிறது. ஈரமோ நெல்லோடு அப்படியே வந்துவிடுகிறது. அந்நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடுகிறது.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு வரை ஈரமுள்ள நெல்லையே வாங்கலாம் என்பது விதி. மழையால் இந்த அளவை எட்ட இயலாத ஆண்டுகளில் விதி தளர்த்தப்படுவதுண்டு. 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரையும், பருவம் தவறிய மழை பெய்த 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு வரையும் வாங்கத் தமிழகத்திற்கு மத்திய அரசு இசைவளித்தது. இந்தத் தளர்வு உழவருக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் தாளில் விதியைத் தளர்த்தலாம்; நெல்மணிக்குள் நடக்கும் மாற்றத்தைத் தளர்த்த முடியாது. அந்த ஈரநெல்லை விரைந்து உலர்த்தாவிட்டால் இழப்பு உழவரிடமிருந்து கிடங்கிற்கும், கிடங்கிலிருந்து உண்பவருக்கும் கைமாறுகிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை.

உலர்த்துவதும் ஒரு கலை

அறுவடையான 24 மணி நேரத்திற்குள் உலர்த்தும் பணி தொடங்கிவிட வேண்டும். வெயிலில் காயவைக்கும்போது நெல்லை 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறிவிடுதல் நலம். மிக மெல்லிதாகப் பரப்பினால் மணிகள் விரைவில் சூடேறி உள்ளுக்குள் விரிசல் காணும். காய்ந்த நெல் மீண்டும் மழையிலோ பனியிலோ நனைந்தாலும் இதே நிலைதான். விரிசல் கண்ட நெல்லை ஆலையில் கொடுத்தால் முழு அரிசி குறைந்து நொய்யும் குருணையும் மிகுந்துவிடும். விதைக்காக உலர்த்தும் நெல்லின் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டினால் முளைப்புத் திறனே பாழாகும். ஆகவே உச்சி வெயிலில் விதைநெல்லை மூடி வைப்பது அறிவுடைமை.

ஈரமானியில்லாத வீட்டில் எப்படிச் சோதிப்பது? அனுபவமுள்ள பெரியவர்கள் மணியை முன்பல்லால் கடித்துப் பார்ப்பார்கள். ‘கடக்’கென்று உடைந்தால் காய்ந்தது, பல் பதிந்தால் ஈரம். இன்னுமோர் எளிய வழியும் உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது நெல்லோ அரிசியோ இட்டு, உலர்ந்த தூள் உப்பு ஒரு கரண்டி சேர்த்து மூடிக் குலுக்கவேண்டும். சிறிது நேரம் கழித்துப் பார்க்கையில் உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் 15 விழுக்காட்டிற்கு மேல் உள்ளது எனக் கொள்ளலாம்.

முன்னோர் கட்டிய களஞ்சியங்கள்

நம் முன்னோருக்கு இந்த அறிவியற் சொற்கள் தெரிந்திருக்கவில்லை. ஆயினும் நெல்லின் இயல்பு அவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. மண்ணால் வனைந்த குதிர், தரையைத் தொடாமல் கால்களின் மேல் நிறுத்திய மரப் பத்தாயம், வைக்கோற்புரியால் இறுகச் சுற்றிய தென்மாவட்டத்து விதைக்கோட்டை ஆகிய ஒவ்வொன்றும் ஈரத்திற்கும் வெப்பத்திற்கும் எதிராக எழுப்பிய அரண்களே. குதிரின் வாயை மண்ணும் சாணமும் கொண்டு பூசி அடைத்ததால் வெளிக்காற்று உட்புகுவது குறைந்தது. உள்ளிருந்த பூச்சிகளும் மூச்சுத்திணறிப் பெருகாமல் போயின. இன்று உலகெங்கும் பரவிவரும் காற்றுப்புகாச் சேமிப்புப் பைகளின் தத்துவமும் இதுவே.

பெரிய அளவிலும் இந்தக் கலை செழித்திருந்தது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையிலும் திருவரங்கத்திலும் நாயக்கர் காலத்தில் செங்கல்லால் எழுப்பப்பட்ட நெற்களஞ்சியங்களை இன்றும் காணலாம். கூம்பிய மேற்கூரையில் மழைநீர் தங்குவதில்லை. தடித்த சுவர்கள் வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடுவதில்லை.

எகிப்தில் ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொள்ள நபி யூசுஃப் (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் வகுத்த திட்டம் நாம் அனைவரும் அறிந்ததே. உண்பதற்குத் தேவையானது போக மீதமுள்ள தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைக்கும் வழிமுறை அந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. இயற்கை போர்த்திய உறையோடு இருக்கும் தானியம் நெடுநாள் நிற்கும் என்பதை நெல்லிலும் கண்கூடாகக் காண்கிறோம். உமியோடு கூடிய நெல் ஓராண்டு நிற்கும் சூழலில், தீட்டிய அரிசி அவ்வளவு நாள் தாங்குவதில்லை. தவிட்டோடு கூடிய கைக்குத்தல் அரிசியோ, தவிட்டிலுள்ள எண்ணெய் காறிப்போவதால் இன்னும் விரைவில் கெடும். ஆகவே சத்து வேண்டிக் கைக்குத்தல் அரிசி வாங்குவோர் சிறிது சிறிதாக வாங்குவதே நன்று.

நவீன காலத்திலும் இத்துறையில் காவிரிப் படுகைக்குச் சிறப்பிடம் உண்டு. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. இன்று தஞ்சாவூரில் இயங்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், 1960-களின் பிற்பகுதியில் திருவாரூர் நவீன அரிசி ஆலையை ஒட்டிய சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி வளர்ந்ததே. இத்தனை இருந்தும் மழைக்காலத்தில் நெல் மூட்டைகள் திறந்த வெளியில் தார்ப்பாயை மட்டுமே நம்பிக் கிடக்கும் காட்சி மறையவில்லை என்பது வேதனைக்குரியது.

வண்டு எங்கிருந்து வருகிறது?

“நேற்றுவரை நன்றாயிருந்த அரிசியில் இன்று வண்டு மொய்க்கிறதே!” என்று வியக்காத இல்லத்தரசி இருக்க முடியாது. அந்த வண்டு நேற்றிரவு பறந்து வந்ததன்று. நீண்ட மூக்குடைய அரிசிக் கூன்வண்டின் பெண்ணினம் மணியில் சிறு துளையிட்டு, அதனுள் முட்டையிட்டு, துளையைப் பசைபோன்ற பொருளால் அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே பிறந்து, உள்ளிருந்தே அரிசியைத் தின்று, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300-க்கும் மேற்பட்ட முட்டைகள் இடவல்லது. நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சியின் புழுவும் இவ்வாறே மணிக்குள் மறைந்து வாழ்கிறது.

இப்பூச்சிகள் 25 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிக விரைவாகப் பெருகும். நம் ஊரின் தட்பவெப்பம் ஆண்டில் பெரும்பகுதி இதுவே. பூச்சி மிகுந்தால் அதன் கழிவும், அது விடும் மூச்சின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து பூஞ்சைக்கு வழி வகுக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

வண்டு கண்ணுக்குத் தெரியும் பகை. அதைப் புடைத்து எடுத்துவிடலாம். பூஞ்சை அப்படியன்று.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது தெரியவந்தது. அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். கல்லீரலைத் தாக்கும் அந்த நஞ்சு, மனிதர்க்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மஞ்சள் காமாலையை விளைவிக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி ஏற்கனவே உடலில் இருப்பவர்களுக்கு இந்த அபாயம் பன்மடங்கு கூடுகிறது.

நம் நாட்டிலும் இதன் கொடுமை நிகழ்ந்துள்ளது. 1974-ஆம் ஆண்டு குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் பாதிப்பால் உயிரிழந்தனர். வேறு உணவு வாங்க வழியில்லாத ஏழைகள் அவர்கள்.

அரிசியின் கதை என்ன? நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றைக் காட்டிலும் அரிசியில் இந்நஞ்சு குறைவாகவே காணப்படுகிறது. எனினும் ஈரத்தோடு சேமித்த நெல்லிலும், அவித்த பின் சரிவர உலர்த்தாத புழுங்கல் நெல்லிலும் அது தோன்றவே செய்கிறது. வேறு பூஞ்சைகளும் உள்ளன. 1950-களின் தொடக்கத்தில், போருக்குப்பின் உணவுப் பற்றாக்குறையால் வாடிய ஜப்பான் வெளிநாடுகளிலிருந்து அரிசி இறக்குமதி செய்தது. அதில் ஒரு பகுதி மஞ்சளேறிக் கிடந்தது. பெனிசிலியம் இனத்துப் பூஞ்சைகள் அதில் வளர்ந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சுகளைச் சுரந்திருந்ததை அறிஞர்கள் கண்டறிந்தனர். பசித்திருந்த மக்களே அந்த அரிசி வேண்டாமென்று போராடினார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பூஞ்சை பிடித்த அரிசியை நன்றாகக் கழுவி வேகவைத்தால் சரியாகிவிடும் என்னும் எண்ணம் தவறானது. கழுவினால் பூஞ்சையின் இழைகள் போகலாம். கொதித்தால் பூஞ்சையும் சாகலாம். ஆனால் அது சுரந்து வைத்த நஞ்சு நீர் கொதிக்கும் வெப்பத்தில் முழுவதும் அழிவதில்லை. கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்ட, நிறம் மாறிய, மக்கிய நாற்றமுள்ள அரிசியை உண்ணாமல் தள்ளுவதே முறை. அதைக் கோழிக்கும் ஆட்டுக்கும் போடுவதும் தகாது.

பழைய அரிசியின் பெருமை

நல்ல சேமிப்பு அரிசியைக் கெடாமல் காப்பதோடு நிற்பதில்லை. அதன் தரத்தையும் உயர்த்துகிறது. புது அரிசிச் சோறு குழைந்து ஒட்டும். சில மாதம் பழகிய அரிசியோ அதிகத் தண்ணீரை ஏற்று, மணி மணியாகப் பிரிந்து நிற்கும். பிரியாணிக்குப் பழைய அரிசியைத் தேடிச் செல்லும் சமையற்காரர்கள் இதை நன்கறிவர். நாள்பட நாள்பட அரிசியிலுள்ள புரதமும் மாவுப் பொருளும் இறுகுவதே இதன் காரணம். உலர்ந்த இடத்தில் இருந்தால் காலம் அரிசிக்குப் பதம் தருகிறது. ஈரமான இடத்திலோ அதே காலம் அதைப் பாழாக்குகிறது.

இல்லங்களில் செய்யத்தக்கவை

இல்லத்தைப் பேணும் சகோதரிகள் பின்வருவனவற்றைக் கருத்திற் கொண்டால் பெரும் இழப்பைத் தவிர்க்கலாம்.

அரிசி மூட்டையை வெறுந்தரையில் வைக்கலாகாது. சிமெண்டுத் தரையும் ஈரத்தை மேலே கடத்தும். மரப்பலகையின் மேல், சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி வையுங்கள். அடுப்பின் அருகிலும், வெயில் படும் தகரக் கூரையின் கீழும் வேண்டாம்.

இறுக மூடும் பாத்திரம் மிக நல்லது. ஆனால் உள்ளே இடும் அரிசி உலர்ந்திருக்க வேண்டும். ஈர அரிசியை இறுக மூடினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். ஈரக் கையாலோ, கழுவிய ஈரம் காயாத படியாலோ அரிசி அள்ளாதீர்கள்.

புது அரிசியைப் பழைய அரிசியின் மேல் கொட்டாதீர்கள். பாத்திரத்தைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகே நிரப்புங்கள். அடியில் தங்கிய ஒரு பிடி அரிசியிலுள்ள வண்டு புது மூட்டை முழுவதையும் பிடித்துவிடும்.

வேப்பிலை, நொச்சி இலை, காய்ந்த மிளகாய் போன்றவை பூச்சியை ஓரளவு விலக்கும். இலைகளை நிழலில் நன்கு உலர்த்தியே இடவேண்டும். பச்சை இலை தன் ஈரத்தை அரிசிக்குக் கொடுத்துவிடும். குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் சிறிதளவு அரிசியை அதன் உறைபனிப் பகுதியில் நான்கைந்து நாள் வைத்தெடுத்தால் மணிக்குள்ளிருக்கும் முட்டையும் அழியும்.

பூச்சி மருந்தை வீட்டு அரிசியில் கலப்பதோ, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டினுள் வைப்பதோ கூடவே கூடாது. அம்மாத்திரை வெளியிடும் பாஸ்பீன் வாயுவிற்கு மாற்று மருந்து கிடையாது. உறங்கும் அறைக்கு அடுத்த அறையில் வைத்தால்கூட உயிருக்கு உலைவைக்கும். அது பயிற்சி பெற்றவர்கள், மனிதர் வசிக்காத கிடங்குகளில் மட்டுமே கையாள வேண்டியது.

பொது இடங்களிலும் இந்தக் கவனம் தேவை. நோன்புக் கஞ்சிக்கென வரும் பச்சரிசி மூட்டைகள் ஒரு மாதம் முழுவதும் பள்ளிவாசலின் ஓர் அறையில் அடுக்கப்படுகின்றன. பெருநாளுக்கு முன் ஃபித்ராவாகச் சேரும் அரிசி, பலர் வீட்டு அரிசி ஒன்றாகக் கலந்த குவியலாக இருக்கிறது. ஒருவர் கொடுத்ததில் வண்டோ ஈரமோ இருந்தால் அத்தனையும் கெடும். பொறுப்பாளர்கள் மூட்டைகளைப் பலகைமேல் அடுக்கி, வந்த வரிசைப்படி எடுத்துச் செலவிட்டு, ஐயத்திற்குரியதைத் தனியே ஒதுக்கிவைத்தால் ஏழைகளின் கைக்கு நல்ல அரிசி போய்ச்சேரும். நமக்கு வேண்டாத அரிசியைப் பிறருக்கு ஈவது ஈகையாகாது.

முடிவாக

கிழக்கே கறுத்த மேகத்தைக் கண்டு ஓடிவந்த அந்தக் குடும்பத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். நான்கு திங்கள் உழைப்பை ஒரு தார்ப்பாயால் போர்த்திக் காக்க அவர்கள் பட்ட பாடு, நம் வீட்டு அரிசிப் பானையின் மூடியைச் சரியாக மூடுவதில் தொடர்கிறது. உழவருக்கு உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும், கொள்முதல் செய்த நெல்லுக்குக் கூரையுள்ள கிடங்கும் வேண்டுமென்று கேட்பது நம் அனைவரின் கடமை. அவை வரும்வரை, நம் கைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு படி அரிசியையும் ஈரமும் பூச்சியும் அணுகாமல் காப்பது நம்மால் இன்றே இயலக்கூடியது.